சுவர் காயட்டும்



ஐப்பசி பிறந்துவிட்டது. போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி வந்து வடிஞ்சிடுச்சு. தரையெல்லாம் கழுவியாச்சு. அடுத்த வாரம் பெயின்டர் வர்றார். நீங்க ரெண்டு வெள்ளம் பார்த்தவரு, வேற ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டாள்.

"முதல்ல பெயின்டரை வர வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவளிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் தூங்கியவர்கள் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

எங்கள் வீடு முடிச்சூரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அடையாறு பக்கத்தில்தான். 2015 டிசம்பர் 1 அன்று ஆரம்பித்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் ஹாலில் நான்கரை அடி தண்ணீர். நானும் மனைவியும் மகளும் இரண்டு ராத்திரி மொட்டைமாடியில் தார்பாய்க்குக் கீழே இருந்தோம். அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது, தண்ணீர் வடிந்த பிறகு நான் செய்த தவறு.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. சேற்றை அள்ளி வீட்டைக் கழுவிவிட்டு, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். வயசானவர். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "சார், சுவரு நல்லா தண்ணி குடிச்சிருக்கு. நாலஞ்சு மாசம் அப்படியே விடுங்க. இப்ப பூசினா நிக்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கல்யாண வீட்டில் நாலு மாசமா? தொட்டுப் பார்த்தால் காய்ந்துதானே இருக்கிறது? வேறு ஆளை வைத்துப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தேன். மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது. படுக்கையறைச் சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு பிளைவுட் பீரோவும் செய்து வைத்தேன். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், "வெள்ளம் வந்த வீடு மாதிரியே இல்லையே" என்று எல்லோரும் சொன்னீர்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த ஆடியிலேயே சுவர் பொருமிவிட்டது. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பெயின்டரைத் திட்டினேன், பெயின்டைத் திட்டினேன். 2018-இல் மறுபடியும் சுரண்டி மறுபடியும் அடித்தேன். அதுவும் ஒரு மழைக்காலம்தான் தாங்கியது.

2017 வாக்கில் என் மனைவிக்கு இளைப்பு ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். "என்னங்க, இந்த ரூம்ல ஏதோ ஒரு வாடை வருது" என்று எத்தனையோ முறை சொன்னாள். "உனக்கு எதைப் பார்த்தாலும் வாடை" என்பேன். மருத்துவர், "வீட்டில் ஓதம் இருக்கிறதா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லை டாக்டர், புது பெயின்ட் அடித்திருக்கிறோம்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

அதற்கு அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். புயல் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. அதற்குள் எங்களுக்குக் கொட்ட வேண்டியதைக் கொட்டிவிட்டது. இந்த முறை வீட்டுக்குள் இரண்டரை அடி. 2015-க்குப் பிறகு மாடியில் ஓர் அறை கட்டியிருந்ததால் நாங்கள் அங்கே இருந்தோம். கீழே இருந்த எதையும் எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் ஒரு குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் இறங்கி, "சார், வணக்கம். குரூப்ல உங்க வீட்டுப் போட்டோ பார்த்தேன். 98-ல பத்தாவது, உங்ககிட்டதான் சயின்ஸ்" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன் முகமும் நினைவில்லை, பெயரும் நினைவில்லை. கட்டடங்களில் தண்ணீர் புகுந்தால் சுத்தம் செய்து காயவைப்பதுதான் அவன் தொழில். நாலு பேரை வைத்து நடத்துகிறான். ஆஸ்பத்திரி, அலுவலகம், வீடு எல்லாவற்றுக்கும் போகிறார்களாம். இப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உள்ளே கால் வைப்பதற்கு முன் அவன் கேட்டது, "சார், மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா?" பண்ணிவிட்டேன் என்றேன். "இன்வெர்ட்டர்?" என்றான். விழித்தேன். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரி வீட்டுக்குள் மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கும். ஈரமான ஸ்விட்ச் போர்டில் கை வைத்தால் ஆபத்து. தண்ணீருக்குள் முங்கிய போர்டை எலக்ட்ரீஷியன் வந்து சோதித்துச் சொல்லும்வரை போடவே கூடாது. இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

அடுத்து, எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுக்கச் சொன்னான். சுவரில் தண்ணீர் நின்ற கோடும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் இருக்கும் மாடல் நம்பரும் படத்தில் விழ வேண்டும். காப்பீடு இருந்தால் அதுதான் சாட்சி. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு எல்லா நிறுவனங்களிலும் கிடைக்கிறது, வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். எனக்கு அது அப்போது தெரியாது. இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் விசாரியுங்கள்.

பிறகு தண்ணீரைப் பற்றி ஒரு பாடம் எடுத்தான். குழாய் உடைந்து வரும் தண்ணீர் நல்ல தண்ணீர். வாஷிங் மெஷினிலிருந்து வழிவது அழுக்குத் தண்ணீர். தெருவிலிருந்து உள்ளே வருவது சாக்கடையும் செப்டிக் டேங்கும் கலந்த தண்ணீர். மூன்றுக்கும் வேலை ஒன்றல்ல. மூன்றாவது வகை குடித்த மெத்தை, தலையணை, சோபா, தட்டைப் பலகை எதையும் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, வெளியே போட வேண்டும். என் மாமியார் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை எடுத்தபோது மனைவி அழுதாள். "வெயில்ல போட்டா காஞ்சிடுமே தம்பி" என்றாள். "மேல காயும்மா, உள்ள காயாது. நாளைக்கே பூஞ்சை வந்துடும்" என்றான் பொறுமையாக. ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தலைகாட்டத் தொடங்கிவிடும். இரும்பு, எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இதையெல்லாம் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

அவனுடைய ஆட்கள் நால்வரும் பூட்ஸ், கையுறை, முகக்கவசத்தோடுதான் இறங்கினார்கள். எலிக்காய்ச்சல் பயம். சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியாலும் பாண்டாலும் அள்ளினார்கள். காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும், தூசியாகப் பறந்து மூச்சில் போகும். சம்ப்பை முழுசாக இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி மறுபடி இறைத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பிளீச்சிங் தூவியிருந்த குளியலறையில் டாய்லெட் ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். "சார்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டான். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன்! அவசரத்தில் படித்தது எதுவும் கைக்கு வருவதில்லை.

மூன்றாம் நாள் மாலையில் வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். "இனிமேதான் சார் வேலையே" என்று சொல்லி ஒரு சின்னக் கருவியை எடுத்தான். முனையில் இரண்டு ஊசி. சுவரில் அழுத்தினால் எண் காட்டும். ஈரம் இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், எண் ஏறும். மாடி அறையின் காய்ந்த சுவரில் வைத்தான்: 12. கீழே ஹாலில், கையால் தொட்டால் காய்ந்த மாதிரியே இருந்த சுவரில், ஓரடி உயரத்தில் வைத்தான்: 71. தண்ணீர் நின்றது இரண்டரை அடிதான். நாலடி உயரத்தில் வைத்தான்: 38. செங்கல் சுவரில் இந்த எண்ணைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது.

"தண்ணி வராத உயரத்துல எப்படிப்பா ஈரம்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "சார், நீங்கதான் மைக்கூட்டுல சாக்பீஸை நிக்க வச்சுக் காட்டினீங்க. பீரியட் முடியறதுக்குள்ள மை பாதிக்கு மேல ஏறிடுச்சு. நுண்புழை ஏற்றம். சுவரும் ஒரு பெரிய சாக்பீஸ்தான் சார்."

எனக்கு வாயடைத்துவிட்டது. 2015-இல் அந்தக் கொத்தனார் சொன்னதும் இதுதான். அவர் தட்டிப் பார்த்துச் சொன்னார், இவன் அளந்து சொன்னான். அதைப் பாடமாக நடத்திய எனக்குத்தான் என் வீட்டுச் சுவரில் அது தெரியவில்லை.

அப்புறம்தான் படுக்கையறைக்குப் போனான். பிளைவுட் பீரோவை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பின்னால் சுவர் முழுக்கக் கரும்பச்சையாகப் பூஞ்சை. பீரோவின் முதுகிலும் அதே. அவன் டேப் வைத்து அளந்தான். "சார், இந்தத் தடவை தண்ணி நின்னது இரண்டரை அடி. பூஞ்சை அஞ்சடி வரைக்கும் இருக்கு, அடை அடையா. இது இந்த வெள்ளத்துல வந்தது இல்ல. பழசு."

ஈரச் சுவரை நான் பெயின்டால் மூடியதால் உள்ளே இருந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனது. வெள்ளத்தோடு வந்த உப்பும் சுவரிலேயே தங்கிவிட்டது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது, மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்த எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மழைக்காலமும் அந்தச் சுவர் உள்ளுக்குள் நனைந்தது. பீரோ மறைத்ததால் காற்றும் படவில்லை.

அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் கட்டில். மனைவி தலைவைத்துப் படுக்கும் பக்கம். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு வருஷமா தலைமாட்டுலயே இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இளைப்புக்கு அந்தப் பூஞ்சைதான் காரணம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ஓதமும் பூஞ்சையும் இருக்கும் வீட்டில் இளைப்பு கூடும் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இதைப் பற்றித் தனி வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. அவள் வாடை வருகிறது என்று சொன்னபோதே நான் பீரோவை நகர்த்திப் பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

காயவைத்த விதத்தையும் சொல்கிறேன். நான் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். அவன் மூடச் சொன்னான். மார்கழிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும், அதுவும் ராத்திரியில். நிறைந்த வாளிக்குள் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாத மாதிரி, ஈரக் காற்று சுவரின் ஈரத்தை வாங்கிக்கொள்ளாது. நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் மட்டும் திறந்துவிட்டு, மற்ற நேரம் மூடி வைத்து உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டான். ஏசி மாதிரிதான் அது. குளிர்ந்த குழாயில் காற்றுப் பட்டதும் அதிலிருக்கும் நீராவி தண்ணீராகச் சொட்டும். கூடவே சுவரை நோக்கிப் பெரிய மின்விசிறிகள். முதல் நாள் படுக்கையறையில் மட்டும் ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் சேர்ந்தது. காய்ந்துவிட்டது என்று நான் நினைத்த அறை அது. இயந்திரம் கிடைக்காதவர்கள் ஏசியை 'டிரை' முறையில் ஓடவிடலாம். அந்த அளவு வராது, சும்மா விடுவதற்கு அது மேல்.

பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்கள். சுவரைத் தட்டி, உள்ளே காலியாகச் சத்தம் வந்த இடத்தில் பூச்சை உடைத்தார்கள். தரையோரம் ஒட்டியிருந்த டைல்ஸையும் பெயர்த்தார்கள். உப்புப் பூத்த இடத்தைக் காய்ந்த பிரஷால்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பூஞ்சை பிடித்த பூச்சை ஈரப்படுத்தி, கொத்தி, பையில் கட்டி வெளியே கொண்டுபோனார்கள். மருந்தை மட்டும் அடித்துவிட்டுப் போனால் போதாது. செத்த பூஞ்சையும் மூச்சுக்கு ஆகாது.

பத்து நாள் கழித்து இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போகும்போது சுவரில் ஆறு இடத்தில் பென்சிலால் தேதியும் எண்ணும் எழுதினான். "மாசம் ஒரு தடவை வந்து பார்க்கறேன் சார். மாடிச் சுவர் காட்டற எண் பக்கம் வர்ற வரைக்கும் பூசாதீங்க. அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்களுது ஒன்பது அங்குலச் சுவர், ரெண்டு பக்கமும் காயும்." பில் கொடுத்தான், கொடுத்தேன். 2018-இல் வீணாக அடித்த பெயின்ட் செலவைவிடக் குறைவுதான்.

2024 பொங்கலுக்கு வந்த உறவினர்களே, "என்ன மாமா, வீட்டை இப்படிச் செங்கல் தெரியப் போட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். அன்று சொல்ல வாய் வரவில்லை. ஜூனில்தான் எண் 15-க்கு வந்தது. மாசக் கடைசியில் கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்தோம், சுவர் மூச்சுவிடட்டும் என்று. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது, பொருமல் இல்லை. மனைவி இன்ஹேலரை இன்னும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறாள். ஆனால் ராத்திரி எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுக்கு இப்படிச் சுத்தம் செய்யும் ஆட்களைக் கூப்பிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். ஈரத்தை அளப்பீர்களா? அளந்ததைத் தேதி போட்டு எழுதித் தருவீர்களா? எந்த இடத்தில் என்ன மருந்து போடுவீர்கள்? "மூணு நாள்ல பெயின்ட் வரைக்கும் முடிச்சுத் தர்றோம்" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்படிச் சொன்னவரைத் தேடிப் பிடித்தவன் நான்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டிலுக்கு அடியில் டிரங்க் பெட்டியில் உங்கள் வகுப்பு குரூப் போட்டோக்கள் இருந்தன, மொத்தம் 31. எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன. நான் பிரிக்கப் போனேன். அவன் தடுத்து, அகலமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் விட்டு அதில் மிதக்கவிட்டு, தானாகப் பிரிந்ததை மட்டும் எடுத்துப் படம் மேலே தெரியும்படி வெள்ளைத் துணியில் பரப்பினான். அன்றைக்குப் பார்க்க முடியாததைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாடி ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னான். உறைந்திருக்கும்வரை மேலும் கெடாது, நிதானமாக எடுத்துப் பிரிக்கலாம். இப்படி 22 படங்கள் பிழைத்தன.

போன ஒன்பதில் ஒன்று 1998 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. முகங்கள் எல்லாம் கரைந்துவிட்டன. பெட்டியைத் திறந்ததும் அவன் முதலில் தேடியது அந்தப் படத்தைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "பரவாயில்ல சார்" என்றான்.

உங்களில் யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு பிரதி போட வேண்டும். ஒன்று அவனுக்கு. அவன் அதில் எந்த வரிசையில் நின்றான் என்று நான் பார்க்க வேண்டும்.

மழைக்காலம். எல்லோரும் கவனமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்